நைனாவின் காருக்கு நான் எழுதிய தீர்ப்பு

இன்ஜின் சோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் ஏதாவது எழுதித் தரும்படி பிரிவு அலுவலகத்தில் கேட்டார்கள். நான் கண்டுபிடித்த கோளாறுகளைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி என் பணி ஓய்வு விழாவிலேயே ஏழு பேர் பேசிவிட்டார்கள். அந்தக் கோளாறுகள் நடந்தபோது ஏழு பேரில் இருவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். எனவே நான் கண்டுபிடிக்காத ஒரு கோளாறைப் பற்றி எழுதுகிறேன். அது ஓய்வு பெற்று நான்கு வருடம் கழித்து நடந்தது. இன்ஜினும் நம்முடையது இல்லை, என் அப்பாவின் பழைய காருடையது. இருந்தாலும் தவறு முழுக்க முழுக்க நம் தொழில் தவறு. வேறு யாராலும் அதை அவ்வளவு ஒழுங்காகச் செய்திருக்க முடியாது.

முதலில் இரண்டு விதிகள். இரண்டும் உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தெரிவதால் பயன் எவ்வளவு என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

முதல் விதியை நான் கற்றது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இன்ஜினின் அடிப்பகுதியில் ஏதோ தட்டியது. கேட்கும் கம்பியின் ஒரு முனையை இன்ஜின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்த அரை நிமிடத்தில், கல்லூரியில் படித்ததெல்லாம் எனக்குள் எழுந்து நின்றுகொண்டது. “மெயின் பேரிங் சார்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். எங்கள் போர்மேன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சிரிக்காதவர். அடுத்துக் கேட்பதற்காக நின்றிருந்த இரண்டு பேரைப் பார்த்து, “நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்கடே. ஒங்க காது கெட்டுப்போச்சு,” என்றார். பிறகு பக்கத்துக் கூடத்திலிருந்து வேறு மூன்று பேரை வரவழைத்தார்.

அவர்கள் வரும்வரை என்னிடம் சொன்னார்: “ஏம்மா, படிச்ச புள்ளதானே நீ. சத்தத்துக்குப் பேரு வச்சிட்டேன்னா, அடுத்தவன் காதுல சத்தமா விழும்? நீ வச்ச பேருல்லா விழும்.”

சந்தேகமான சத்தம் என்றால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, தனியே போய்க் கேட்க வேண்டும். பேசக் கூடாது. முகம் சுளிக்கவும் கூடாது. நினைப்பதைச் சீட்டில் எழுதி மடித்து, கவிழ்த்து வைத்த பழைய பிஸ்டன் ஒன்றின் குழிக்குள் போட வேண்டும். அன்று அந்தக் குழியில் விழுந்த மூன்று சீட்டுகளில் ஒன்றில்கூட மெயின் பேரிங் இல்லை. முன்பக்கத்துப் புல்லி ஒன்று தளர்ந்திருந்தது. இருபது நிமிடத்தில் முறுக்கி முடித்தார்கள்.

இரண்டாவது விதி கையேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. முதல் பக்கம் என்பதால் யாரும் படிப்பதில்லை. ஒரு பொருள் தேறுவதாலோ தேறாததாலோ உங்களுக்கு ஆதாயம் உண்டென்றால், அதை நீங்கள் பரிசோதிக்கக் கூடாது. முப்பத்து நான்கு வருடம் இதைப் புதியவர்களுக்கு நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டியிருக்கிறேன். என் குரல் நன்றாக இருக்கும்.

இப்போது என் அப்பா. நான் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது என்பது வேறு விஷயம். அவருடைய அப்பா கழனியில் கூலி வேலை செய்தவர். நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், சிவக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கும் பெரிய இயந்திரச் சுத்தியலை இயக்கினார். அந்தக் காலத்தில் காதுக்கு எதுவும் மாட்ட மாட்டார்கள். ஐம்பது வயதில் பாதிக் காது போனது, அறுபதில் முழுக் காதும் போனது. அவர் ஓய்வு பெற்றபோது, முதலாளி தன் பழைய காரை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நைனா அதை வாங்கினார். ஒரு காலத்தில் ஊரில் பாதி டாக்சி அந்த வகைதான். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, பிழை கம்பெனியுடையது அல்ல.

நைனாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. கண் நன்றாகத் தெரிகிறது. மருத்துவச் சான்று, உரிமம், எல்லாம் சரியாக இருக்கிறது. படிவங்களை நான்தான் நிரப்பினேன், ஆகவே சரியாகத்தான் இருக்கும். அண்ணனூரில் ரயில் பணிமனைக்குப் பின்னால் உள்ள வீட்டில் தனியாக இருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், காரை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு டீக்கடைக்குப் போவார். அதே பட்டறையில் வேலை செய்த இரண்டு பேர் அங்கே வருவார்கள். அவர்களுக்கும் காது கிடையாது. பட்டறை இரைச்சலில் பேச முடியாது என்பதால் சுத்தியல்காரர்களுக்கென்று கை ஜாடைகள் உண்டு: மெதுவாக அடி, பலமாக அடி, நிறுத்து, திருப்பு. அந்தப் பத்துப் பன்னிரண்டு ஜாடைகளை வைத்துக்கொண்டு மூன்று கிழவர்களும் அரசியல், மருமகள், மூட்டுவலி எல்லாவற்றையும் மூன்று மணி நேரம் பேசுவார்கள். உலகத்தில் அவரோடு கத்தாமல் பேசுகிறவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

கார் இல்லாவிட்டால் அவரால் அங்கே போக முடியாது. செல்போனில் டாக்சி பதிவு செய்தால் டிரைவர் போன் செய்து “எங்க சார் நிக்கிறீங்க” என்பார். இவருக்குக் கேட்காது. டிரைவர் ரத்து செய்துவிட்டுப் போய்விடுவார். பேருந்தில் ஏறும்போது ஒருமுறை விழுந்து தோளில் எலும்பு விரிசல் கண்டது. அதோடு அதுவும் முடிந்தது.

நான் திருவேற்காட்டில் நான்காவது மாடியில் இருக்கிறேன். கணவர் இறந்த பிறகு தனியாகத்தான். என்னோடு வந்துவிடும்படி ஆறு வருடமாக நைனாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டேன் என்பதைவிட அறிவித்தேன் என்பது பொருத்தம். என் பயம் நியாயமானது. நைனா போன் எடுக்க மாட்டார். அழைப்பு மணி கேட்காது. ஒரு நாள் மாலை மூன்று முறை குறுஞ்செய்தி அனுப்பியும் பதில் இல்லை. பூட்டு உடைக்கிறவரை அழைத்துக்கொண்டு ஓடினேன். கதவை உடைத்து உள்ளே போனால் டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாத்துக்குக் கதவ ஒடச்ச?” என்றார். “நல்ல கதவு அது.”

அன்று சண்டை முற்றி, கடைசியில் அவராக ஒன்று சொன்னார். “வண்டி ஓடுற வரிக்கும் நான் இங்கதான் கீறேன். வண்டி பூட்ச்சின்னா உன் ஊட்டுக்கு வந்துடறேன். போதுமா?”

போதும் என்றேன். அந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள். நான் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

போன ஆண்டு மழை முடிந்த சமயம், நைனாவின் பக்கத்து வீட்டு கஸ்தூரி எனக்கு போன் செய்தாள். “அக்கா, உங்கப்பா வண்டி ஒரு மாசமா டமடமன்னு அடிச்சிகினு வருது. தெருமொனையில திரும்பறப்பவே எங்க ஊட்டு நாய் எழுந்து போயிடுது. அவருக்குத்தான் கேக்கல. எங்களுக்குக் கேக்குதுல்ல?”

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். நைனா தகரக் கொட்டகையில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்ஜினை ஓடவிட்டேன். கஸ்தூரி சொன்னது குறைவு. அடியிலிருந்து கனமாக, தாளம் தப்பாமல், ஒரு தட்டல். நீள ஸ்க்ரூடிரைவரை இன்ஜினில் வைத்துக் கைப்பிடியைக் காதில் அழுத்தினேன். அரை நிமிடம். பெயர் வைத்துவிட்டேன்: பிக் எண்ட் பேரிங்.

தெரியாதவர்களுக்காக: பிஸ்டனிலிருந்து இறங்கும் கம்பி, கீழே சுழலும் கிராங்க் தண்டைப் பற்றியிருக்கும் இடத்தில் உள்ள பேரிங் அது. தேய்ந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டும். விட்டால் தண்டையே தின்றுவிடும். சரிசெய்ய இன்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும். இந்த வயதுக் காருக்கு அந்த உதிரிபாகங்களைத் தேடிப் பிடிப்பதற்குள் நைனாவுக்குத் தொண்ணூறு ஆகிவிடும்.

பெயர் வைத்த பிறகு நான் எல்லாச் சோதனைகளையும் வரிசை தவறாமல் செய்தேன் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தேன். பேரிங் தேய்ந்த சிலிண்டரை நிறுத்தினால் தட்டல் குறைய வேண்டும். மூன்றாவதைக் கழற்றியபோது குறைந்தது போல இருந்தது. “மூன்றில் குறைகிறது” என்று எழுதினேன், “போல” என்பதை எழுதவில்லை. ஆயில் விளக்கு ஒழுங்காக அணைந்தது, அப்படியானால் ஆயில் அழுத்தம் நன்றாக இருக்கிறது, பேரிங் தேய்ந்த இன்ஜினில் அப்படி இருக்காது. “விளக்கின் சுவிட்ச் பழையது, நம்புவதற்கில்லை” என்று எழுதினேன். ஆயிலை வடித்துப் பார்த்தேன். உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. “ஆரம்ப நிலை” என்று எழுதினேன். எனக்கு எதிராக வந்த ஒவ்வொரு சாட்சியையும் அழகான கையெழுத்தில் நாடு கடத்தினேன்.

இரண்டாவது கருத்து கேட்பதும் நடைமுறைதானே. எஸ்டேட் பக்கத்தில் பழைய கார்கள் பார்க்கும் தாஸை வரச் சொன்னேன். வந்தவரிடம், “தாஸ், பிக் எண்ட் தட்டுது, கேட்டுப் பாருங்க,” என்றேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“ஆமா மேடம். பிக் எண்ட்தான்.”

“நல்லாக் கேளுங்க.”

“இன்னா மேடம், நீங்க பாக்காத இன்ஜினா? நீங்க சொல்ட்டீங்க, அப்புறம் நான் இன்னா தனியாக் கேக்கறது?”

அவர் உண்மையைச் சொன்னார். நான்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நைனாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“நல்லாப் பாத்தியா பாப்பா?”

தலையாட்டினேன்.

“நீ முப்பது முப்பத்தஞ்சு வருஷம் இன்ஜினு பாத்தவ. நீ சொன்னா சரி.” துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து காரின் மூக்கின் மேல் வைத்தார். “யார்னா இரும்புக்காரனுக்குச் சொல்லிடு.”

வாதாடுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். வாதாடியிருந்தால் ஒருவேளை நான் இன்னொரு முறை கேட்டிருப்பேன். என் கையெழுத்து மேல் அவருக்கு என்னைவிட அதிக நம்பிக்கை இருந்தது.

அந்த வாரம் நான் மிகவும் சுறுசுறுப்பாக இருந்தேன். வீட்டின் சின்ன அறையைக் காலி செய்தேன். உயரம் குறைந்த கட்டில் வாங்கினேன். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தேன். திருமழிசையில் பழைய வாகனங்களை எடுத்து உடைக்கும் ஒருவருக்குச் சனிக்கிழமை காலை வரும்படி சொன்னேன். செவ்வாய்க்கிழமை நைனா டீக்கடைக்குப் போகவில்லை என்று கஸ்தூரி சொன்னாள். சீக்கிரமே பழகிவிடுவார் என்று அவளுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை எட்டரைக்கு நான் போனபோது இழுவை லாரி ஏற்கெனவே வாசலில் நின்றது. இரும்புக்காரர் அவசரக்காரர். “அம்மா, வண்டிய வெளிய எடுத்துக் குடுத்தீங்கன்னா தூக்கிப் போட்டுகினு போயிடுவேன். பூந்தமல்லி ரோட்ல பத்து மணிக்கு மேல லாரி நவுறாது.”

நைனா டிக்கியிலிருந்து தன் சாமான்களை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தார். குடை, ஜாக்கி, தண்ணீர் கேன். அவற்றோடு, ஞாயிறன்று நான் மறந்துவிட்டுப் போன ஒரு பெட்டியும் இருந்தது. உள்ளே துப்பாக்கி வடிவத்தில் டைமிங் லைட். அதன் கவ்வியை முதல் சிலிண்டரின் பிளக் வயரில் மாட்டினால், அந்தச் சிலிண்டரில் பொறி விழும் ஒவ்வொரு முறையும் பளிச்சென்று மின்னும். என் பட்டியலில் அது கடைசிச் சோதனை. தீர்ப்பு எழுதியாகிவிட்டதால் செய்யாமல் விட்டிருந்தேன்.

“இது இன்னாது?” என்றார் நைனா.

விளக்குவதைவிடக் காட்டுவது எளிது. லாரியில் ஏற்றக் காரை எப்படியும் ஓட்டி வெளியே எடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து, கவ்வியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கை அவர் கையில் கொடுத்தேன். கொட்டகை நிழலில் இன்ஜினுக்கு மேல் வெளிச்சம் விட்டு விட்டு மின்னியது. இரும்புக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். நைனா இடது கையை இன்ஜினின் பக்கவாட்டில் ஊன்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அப்பா, நேரமாவுது,” என்றார் இரும்புக்காரர். யாருக்குச் சொன்னாரோ.

நைனா என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “இது மின்னும்போதுதான் இடிக்குது.”

நான் அவர் முன்னால் போய் நின்று, உதடு தெரியும்படி, “என்ன சொல்ற?” என்றேன்.

“வெளக்கு ஒண்ணு, இடி ஒண்ணு. நடுவுல இடிக்கல.” ஊன்றிய கையின் ஒரு விரலை மட்டும் தூக்கித் தூக்கிக் காட்டினார். விரலும் வெளிச்சமும் ஒன்றாக எழுந்து ஒன்றாக விழுந்தன.

உங்களில் சிலர் இதற்குள் நாற்காலியில் நிமிர்ந்திருப்பீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு சிலிண்டரில் ஒருமுறை பொறி விழும். ஆகவே விளக்கு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை மின்னும். பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் சுற்றுக்கு ஒருமுறை தட்ட வேண்டும். ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல். நைனாவின் கைக்கு ஒன்றுதான் கிடைத்தது. என்றால் அது கீழே இல்லை. பாதி வேகத்தில் ஓடும் ஏதோ ஒன்று. மேலேயோ பக்கத்திலேயோ, வெளியிலிருந்து தொடக்கூடிய ஏதோ ஒன்று.

நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விளக்கைப் பார்த்தேன். வெளிச்சம் ஒன்று, தட்டல் ஒன்று. ஒரு வாரமாக அது அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் முதலில் வந்தது எரிச்சல். சின்ன அறையும் கட்டிலும் குளியலறைக் கம்பியும் ஒரு கணம் கண்முன் வந்து போயின. அந்தக் கணத்தில்தான் எனக்குப் புரிந்தது. அந்த இன்ஜின் செத்துப்போக வேண்டும் என்று நான் விரும்பியிருக்கிறேன். காது என் ஊழியன். முதலாளி விரும்பியதை எழுதிக் கொடுத்திருக்கிறது.

நம்மில் யாருக்கும் வெளியே நின்று பார்த்தால் இந்த இடம் கடினமாகத் தெரியாது. வாசலில் லாரி. ஆள் அவசரப்படுகிறார். நான் எழுதிய தாள் நைனாவின் சட்டைப் பையில் இருக்கிறது. “சரி, எடுத்துட்டுப் போங்க” என்று சொன்னால் யாருக்கும், எப்போதும், எதுவும் தெரியப்போவதில்லை. உடைத்த இன்ஜின் சாட்சி சொல்லாது. பொய்யாகக்கூட எதுவும் சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருந்தால் போதும். என் முப்பத்து நான்கு வருடத்தில் அதைவிட நீளமான அரை நிமிடம் இருந்ததில்லை.

“அரை மணி நேரம் குடுங்க,” என்றேன் இரும்புக்காரரிடம்.

“எதுக்கும்மா?”

“நான் தப்பா பாத்துட்டேன் போல இருக்கு.”

“நீங்கதானே இன்ஜினு செத்துட்ச்சின்னு சொன்னீங்க?”

“ஆமா. அந்த நான்தான் இப்பவும் சொல்றேன்.”

அவர் லாரி டிரைவரைப் பார்த்து, “டேய், போய் டிபன் துன்னுட்டு வா. இங்க டாக்டரு பொணத்துக்கு ஊசி போடுது,” என்றார்.

நைனாவிடம் சைகை காட்டினேன், எங்கே என்று. அவர் விளக்கை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளங்கையை இன்ஜினின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்தினார். முன்னால் வைத்தார், எடுத்தார். நடுவில் வைத்தார். கீழே கொண்டுபோனார். பெட்ரோல் பம்ப் இருக்கும் இடத்தில் கை நின்றது. ஒருமுறை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார்.

“இங்க. இதுக்குள்ள எதுவோ அவுந்துகினு ஆடுது.”

டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும் அந்தப் பம்ப் உள்ளங்கை அளவுதான். இன்ஜினுக்கு வெளியே இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதிலிருந்து ஒரு நெம்பு கை இன்ஜினுக்குள் நீண்டு, பாதி வேகத்தில் சுற்றும் தண்டின் மேடு மேல் படுத்திருக்கும். அந்தக் கையை மேட்டோடு ஒட்டிப் பிடிக்க ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு போல்ட்டையும் கழற்றினோம். நைனா பம்பைப் பிடித்துக்கொண்டார், நான் ஸ்பேனர் பிடித்தேன். வெளியே எடுத்துக் குலுக்கினேன். நெம்பு கை கிலுகிலுப்பை போல ஆடியது. ஸ்பிரிங்கின் ஒரு துண்டு நைனாவின் உள்ளங்கையில் விழுந்தது. மறு துண்டு பம்புக்குள்ளேயே மாட்டியிருந்தது.

இவ்வளவு பார்த்தும் நான் முடிவு சொல்லவில்லை. அந்த வாரம் போதுமான முடிவுகள் சொல்லியிருந்தேன். பம்ப் இருந்த துளையை ஒரு தகரத் துண்டு வைத்து மூடினோம். பெட்ரோல் குழாயை அடைத்தோம். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் பெட்ரோலில் இன்ஜின் ஒரு நிமிடம் ஓடும். அந்த ஒரு நிமிடம் போதும்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

தட்டல் இல்லை. தையல் மெஷின் ஓடுவது போன்ற மெல்லிய சத்தம் மட்டும். மதில் மேலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். இரும்புக்காரர் வாயில் வைக்கப்போன பீடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நைனா இன்ஜினைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நின்னுச்சா?” என்றார்.

தொட்டுப் பார்த்திருந்தால் அவருக்கே தெரிந்திருக்கும். தொடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நம்பியது போலவே, இப்போதும் என் வாயிலிருந்து வருவதை நம்பத் தயாராக நின்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, பெட்ரோல் வாடையாக இருக்கலாம்.

“நின்னுடுச்சு நைனா,” என்றேன். “இன்ஜின் நல்லா இருக்கு. நான் சொன்னது தப்பு.”

பெட்ரோல் தீர்ந்து இன்ஜின் தானாக அணைந்தது. நைனா சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்து, பிரித்து, என்னிடம் நீட்டினார். கிழித்துப் போடச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“அதுல எழுது. தப்புன்னு. கையெழுத்துப் போடு.”

நம் துறையில் யாரும் என்னிடம் அவ்வளவு சுருக்கமாக நடைமுறையைச் சொன்னதில்லை. முந்தைய முடிவு தவறு, பம்ப் நெம்பு கையின் ஸ்பிரிங் உடைவு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரும்புக்காரரிடம் வருத்தம் தெரிவித்து, வந்து போன வாடகையைக் கொடுத்தேன். அவர் போகும்போது காரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, “எப்பவாச்சும் மெய்யாலுமே செத்தா சொல்லுங்க. ஆனா நீங்க பாக்காதீங்கம்மா, வேற யார்னா பாக்கட்டும்,” என்றார். அந்த மனிதர் நம் கையேட்டைப் படித்ததில்லை. முதல் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

தாஸுக்குப் போன் செய்தேன். இந்தமுறை பெயர் எதுவும் சொல்லவில்லை, வேறு பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டித் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன். கடையில் பழைய காரிலிருந்து கழற்றிய பம்ப் ஒன்று கிடந்ததாம். பத்தரைக்கு வந்து பதினொன்றுக்குள் மாட்டிவிட்டார். நடந்ததைச் சொன்னேன்.

“அப்ப நானும் தப்பாத்தான் கேட்டேனா மேடம்?”

“நீங்க கேக்கவே இல்ல தாஸ். நான் கேக்க விடல.”

அவர் போன பிறகு நைனாவும் நானும் வாசல்படியில் உட்கார்ந்து, நான் கொண்டுவந்திருந்த இட்லியைச் சாப்பிட்டோம். அது அவர் என் வீட்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிடுவதற்காக எடுத்துவந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து அவர் சொன்னார்:

“நான் உங்கூட இருந்தா உனுக்கு நிம்மதின்னு எனுக்குத் தெரியும் பாப்பா. அத்தக் கேட்டுருக்கலாம்ல? இன்ஜினு மேல எதுக்குப் பழி போடற?”

பழி போடவில்லை, உண்மையாகவே அப்படித்தான் கேட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அது உண்மை. ஆனால் அந்த உண்மையில் யாருக்கும் உபயோகமில்லை. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, அறிவிக்காமல், பயமுறுத்தாமல் கேட்டேன்.

“எங்கூட வந்து இருக்கியா நைனா?”

அவர் யோசித்தார். யோசிப்பது போல நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

“மாட்டேன்,” என்றார். “நாலாவது மாடியில நான் யார்கிட்ட பேசுறது? ரெண்டு பேரும் அங்க ஒக்காந்துகினு இருப்பானுங்க. செவ்வாக்கெழமையே வர்ல, செத்துட்டேன்னு நெனச்சிருப்பானுங்க.”

கேள்வியைக் கேள்வியாகக் கேட்டால் பதில் பதிலாகக் கிடைக்கிறது. அந்த “மாட்டேன்” என் ஆறு வருடத்துப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் தோற்றுவிட்டேன் என்று தோன்றவில்லை. இனி இந்த வழக்கை நடத்த வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது. தினமும் காலையில் எழுந்ததும் அவர் எனக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், டீ தம்ளரோ தெருவோ எதுவானாலும் சரி என்று பேசி முடித்தோம். இதுவரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. பெரும்பாலும் அவருடைய கட்டைவிரல்தான் வருகிறது.

பதினொன்றரைக்கு நைனா தலை வாரிக்கொண்டு காரை எடுத்தார். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதாக இருந்தேன். கூடத்து விசிறிக்கு அடியில், அவருடைய கட்டிலில், ஐந்து நிமிடம் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது நைனா என் தோளை உலுக்கிக்கொண்டிருந்தார். மணி மூன்றுக்கு மேல். கார் தெருவில் திரும்பியதும், கொட்டகைக்குள் வந்து நின்றதும் என் காதில் விழவே இல்லை.

“கதவ தொறந்து போட்டுகினு தூங்கற,” என்றார் கோபமாக. “எவனாச்சும் பூந்திருந்தா? நாலு தபா கூப்புட்டேன், உனுக்குக் கேக்கல. அறுபது வயசுக்கு மேல ஒரு பொம்பள தனியாக் கீறது சரியில்ல.” கொஞ்சம் தயங்கினார். “பேசாம எங்கூட வந்து இருந்துடறியா?”

அவர் என் உதட்டைப் பார்க்கும்வரை காத்திருந்தேன்.

“மாட்டேன் நைனா,” என்றேன்.

தலையாட்டிவிட்டு, டீ போட அடுப்படிக்குப் போனார். அவர் முகத்தில் தெரிந்தது நிம்மதிதான். இதை மட்டும் இரண்டாவது கருத்து கேட்காமலே எழுதுகிறேன்.